ஓய்வுக்கு ஐந்தாண்டு இருக்கையில்: பணத்தைப் போடும் வழிக்கு முன் எடுக்கும் வழி

கேள்வி கேட்டவருக்கு 58 வயது. முப்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். மாத ஊதியம் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டு போனஸ் 30,000 வெள்ளி. அவருடைய மனைவிக்கு 56 வயது. பாலர்பள்ளி வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனதால் ஊழியரும் முதலாளியும் கட்டாயமாகச் செலுத்தும் மத்திய சேமநிதியில் அவருக்கு இருப்பது குறைவு. உட்லண்ட்சில் இருவர் பெயரிலும் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையை மாதம் 1,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எஸ்ஆர்எஸ் எனப்படும் துணை ஓய்வுக்காலத் திட்டத்தில் ஆண்டுக்கு 15,300 வெள்ளி போட வேண்டுமா, அல்லது தம் சேமநிதியை மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகைவரை (ஓய்வுக்காக அங்கே நிரப்பக்கூடிய உச்ச அளவுவரை) நிரப்ப வேண்டுமா, இரண்டில் எது வரியைக் கூடுதலாகக் குறைக்கும் என்பது அவருடைய கேள்வி. 63 வயதில் ஓய்வு பெற்று, ஆண்டில் பாதிக்கு மேல் திருச்சியில் இருக்கும் எண்ணமும் அவருக்கு உண்டு. கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லப்பட்ட இந்த எண்ணம்தான் விடையையே மாற்றக்கூடியது என்பதால், அதைப் பின்னால் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, வருமான வரி வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் டிசம்பர் மாதக் கடைசியில்தான் வரியை நினைக்கிறோம். இந்த ஆண்டு எவ்வளவு குறையும் என்று மட்டுமே பார்க்கிறோம். எஸ்ஆர்எஸ் வரியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அன்று. கூடுதல் வரி விகிதத்தில் இருக்கும் ஆண்டின் வருமானத்தை, வரியே இல்லாத ஒரு பிற்கால ஆண்டுக்கு நகர்த்தித் தரும் திட்டம் அது. அந்தப் பிற்கால ஆண்டுகள் உங்களுக்கு உண்மையிலேயே வரியில்லா ஆண்டுகளாக அமையுமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் போடுவது, திரும்பிவர டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்காமல் விமானம் ஏறுவதற்குச் சமம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2026-இல் உங்கள் ஊதியமும் போனஸும் சேர்ந்து 150,000 வெள்ளி. வாடகை ஆண்டுக்கு 12,000 வெள்ளி. வீடு இருவர் பெயரிலும் சரிபாதியாக இருப்பதால் உங்கள் பங்கு 6,000. அதில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் ரசீது கேட்காமலே இடந்தருவதால், கணக்கில் சேருவது 5,100 வெள்ளி. இனிக் கழிவுகள். சேமநிதிச் சந்தாவுக்குரிய மாத ஊதிய உச்சவரம்பு 2026 முதல் 8,000 வெள்ளி, போனஸையும் சேர்த்து ஆண்டு வரம்பு 102,000 வெள்ளி. உங்கள் வயதில் ஊழியர் செலுத்தும் பங்கு 18 விழுக்காடு என்பதால் அந்த வகையில் 18,360 வெள்ளி கழிகிறது. 55 முதல் 59 வயது வரையிலான ஊழியருக்கு உழைப்பு வருமானக் கழிவு 6,000 வெள்ளி. 60 ஆனதும் அது 8,000 ஆகும். மனைவிக்கான கழிவு 2,000 வெள்ளி. திருச்சியில் இருக்கும் உங்கள் தாயாருக்காகப் பெற்றோர் கழிவு கேட்க இயலாது. அவர் சிங்கப்பூரில் வசித்தால்தான் அது கிடைக்கும். மாதந்தோறும் அனுப்பும் பணத்தின் ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இல்லை என்று சொல்வது எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

ஆக, வரிக்குரிய உங்கள் வருமானம் 128,740 வெள்ளி, வரி 9,261 வெள்ளி. எஸ்ஆர்எஸ்ஸில் 15,300 வெள்ளியை முழுமையாகப் போட்டால் வரிக்குரிய வருமானம் 113,440 ஆகிறது. வரி 7,195 வெள்ளி 60 காசு. மிச்சம் ஏறத்தாழ 2,065 வெள்ளி. 120,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 15 விழுக்காடும், 80,000 முதல் 120,000 வரையிலான பகுதிக்கு 11.5 விழுக்காடும் வரி என்பதால், நீங்கள் போடும் தொகையின் முதல் 8,740 வெள்ளிக்குத்தான் 15 விழுக்காடு மிச்சம், எஞ்சியதற்கு 11.5தான். இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம், 40,000 முதல் 80,000 வெள்ளி வரையிலான 7 விழுக்காட்டுப் படியில் இருப்பவர்களும் நண்பர்கள் சொன்னார்கள் என்று இதில் பணத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஓய்வு வயதுக்கு முன் எடுத்தால் எடுத்த தொகை முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்படுவதோடு 5 விழுக்காடு அபராதமும் உண்டு என்பதை நினைத்தால், 7 விழுக்காட்டுக்காக அவசரப் பணத்தைப் பூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் படிக்கு எஸ்ஆர்எஸ் பொருந்தும்.

இனி எடுக்கும் பக்கம். சட்டப்படியான ஓய்வு வயதுக்குப் பின் எடுத்தால் எடுத்த தொகையில் பாதிதான் வருமானமாகக் கருதப்படும், முதல் முறை எடுத்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்கு அதைப் பரப்பிக்கொள்ளலாம். முதல் 20,000 வெள்ளி வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், வேறு வருமானமே இல்லாதவர் ஆண்டுக்கு 40,000 வெள்ளி வரை ஒரு காசு வரி கட்டாமல் எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு வாடகைப் பங்கு 5,100 வெள்ளி இருக்கிறது. ஆகவே உங்கள் எல்லை 29,800 வெள்ளி. 58 முதல் 62 வயது வரை ஐந்து முறை போட்டால் 76,500 வெள்ளி சேரும். பத்தாகப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 7,650, அதில் பாதி 3,825. வாடகையோடு சேர்த்தாலும் 8,925 வெள்ளிதான். முதலீடு நன்றாக வளர்ந்தாலும் உங்களுக்கு வரி வர வாய்ப்பில்லை. ஆயுள் முழுதும் பணம் தரும் சேமநிதி வாழ்நாள் திட்டத்தின் மாதத் தொகைக்கு வரி கிடையாது, அது இந்தக் கணக்கிலும் சேராது. சிங்கப்பூரிலேயே இருப்பதாக இருந்தால், எஸ்ஆர்எஸ் உங்களுக்கு நல்ல திட்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

இதில் நாள் ஒன்று முக்கியம். எந்த ஓய்வு வயது உங்களுக்குப் பொருந்தும் என்பது, நீங்கள் முதன்முதலாகப் பணம் போடும் நாளில் நடப்பில் இருக்கும் வயதைப் பொறுத்தது. 2026 ஜூன் 30 வரை அது 63. 2026 ஜூலை 1-இல் 64 ஆகிறது, 2030-க்குள் 65 ஆக உயரும். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளில் ஒன்றில் கணக்கைத் திறந்து, ஜூன் 30-க்குள் ஒரு வெள்ளியாவது போட்டுவிட்டால் 63 உங்களுக்கு நிலைத்துவிடும். மீதியை டிசம்பருக்குள் போட்டால் போதும். உங்கள் மனைவிக்கு வருமானம் இல்லாததால் அவர் பெயரில் போடுவதற்கு வரிப் பயன் இல்லை.

அந்தப் பத்தாண்டுக் கடிகாரத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் வரி அறிவிப்புகளையெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். 62 வயது முடிந்ததும், தீபாவளிக்கு மனைவிக்கு வளையல் வாங்க எஸ்ஆர்எஸ்ஸிலிருந்து 3,000 வெள்ளி எடுத்திருந்தார். வேலை தொடர்ந்துகொண்டிருந்தது, ஓய்வு வயதுக்குப் பின்னும் வேலையில் தொடரவிடும் மறுவேலைவாய்ப்பில் மாதம் 6,000 வெள்ளி ஊதியமும் இருந்தது. அந்த 3,000 வெள்ளியால் இரண்டு கதவுகள் ஒரே நாளில் மூடிக்கொண்டன. கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கியது. அதன்பின் அந்தத் திட்டத்தில் புதிதாகப் பணம் போடவும் வழியில்லை. 67 வயது வரை வேலை செய்த அவருக்குப் பத்தில் ஐந்து ஆண்டுகள் ஊதியத்தோடு சேர்ந்தே கரைந்தன. டின்னை மூடும்போது, “வளையல் ரொம்ப விலையாகிவிட்டது” என்று மட்டும் சொன்னார். தொடக்கம் உங்கள் கையில் இருக்கிறது. 63 ஆனதும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மறுவேலைவாய்ப்பு வயதும் 2026 ஜூலையில் 69 ஆகிறது. உங்கள் நிறுவனம் இன்னும் சில ஆண்டுகள் இருக்கச் சொன்னால், கடைசி ஊதியம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு வரை எஸ்ஆர்எஸ் பணத்தைத் தொடாதீர்கள்.

அதே டின்னில் இன்னொரு தாளும் இருந்தது. பதினோரு ஆண்டுகள் போட்ட பணம் முழுவதும் முதலீடு ஏதுமில்லாமல் ஆண்டுக்கு 0.05 விழுக்காடு வட்டியில் கிடந்தது. பணத்தைப் போட்டதோடு வேலை முடிந்ததென்று அவர் நினைத்திருக்கிறார். போட்ட பணத்தைக் கருவூலப் பத்திரம், சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம், வைப்புத்தொகை, பங்கு, பரிமாற்ற வர்த்தக நிதி என எதிலேனும் வைக்கலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் தனிமனிதர் நீண்டகால முதலீட்டில் பெறும் மூலதன ஆதாயத்துக்கும், உள்நாட்டு நிறுவனப் பங்காதாயத்துக்கும், வங்கி வட்டிக்கும் வரி இல்லை. எஸ்ஆர்எஸ்ஸுக்குள் அவை வளர்ந்தால், வெளியே எடுக்கும்போது அவற்றிலும் பாதி வருமானமாகிவிடுகிறது. உங்களைப் போல் ஐந்தாண்டு மட்டும் போடுபவருக்கு இது பொருட்டில்லை; நாற்பது வயதிலேயே தொடங்கிப் பெருந்தொகை சேர்த்தவர் கவனிக்க வேண்டும்.

சேமநிதியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சொல்லப்பட்டதில் ஒரு பிழை இருக்கிறது. ஓய்வுக்காலக் கணக்கை மேம்பட்ட தொகைவரை நிரப்பலாம் என்பது உண்மை. 2026-இல் அது 440,800 வெள்ளி. ஆனால் வரிக் கழிவு முழு ஓய்வுக்காலத் தொகையான 220,400 வெள்ளி வரை நிரப்பும் ரொக்கத்துக்குத்தான் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரைதான். சாதாரணக் கணக்கிலிருந்து ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றினால் கழிவே இல்லை. முழுத் தொகைக்கு மேல் நிரப்புவதை வரிக்காகச் செய்யாதீர்கள். ஆயுள் முழுதும் மாதம் வரும் தொகை கூட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அது நல்ல காரணம்தான். ஆனால் அங்கே போன பணம் திரும்பிவராது. மாதத் தொகையாக மட்டுமே வரும்.

இந்தக் கேள்வியில் கேட்கப்படாதவர் உங்கள் மனைவி. உங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கூடுதல் பயன் தரும் இடம் அவருடைய ஓய்வுக்காலக் கணக்குதான் என்பது என் உறுதியான கருத்து. 55 வயது தாண்டியவருக்குச் சேமநிதியின் முதல் 30,000 வெள்ளிக்கு 2 விழுக்காடும், அடுத்த 30,000 வெள்ளிக்கு 1 விழுக்காடும் கூடுதல் வட்டி கிடைக்கிறது. ஓய்வுக்காலக் கணக்கின் 4 விழுக்காட்டோடு சேர்த்தால், இருப்புக் குறைவாக உள்ளவரின் பணம் 6 விழுக்காடு வரை வளரும். மேலும், ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அரசாங்கம் ஈடுசெய்யும் திட்டத்தில் அவர் தகுதி பெறக்கூடும். அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை (முழுத் தொகையில் பாதியை) எட்டாத, மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத, 55 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கானது அது. வீட்டின் ஆண்டு மதிப்பும் சொத்துகளின் எண்ணிக்கையும் பார்க்கப்படும். நீங்கள் 2,000 வெள்ளி போட்டால் அரசாங்கம் இன்னொரு 2,000 வெள்ளி போடும், வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை. 2025 முதல் அப்படி ஈடு பெறும் தொகைக்கு வரிக் கழிவு கிடையாது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 2,000 வெள்ளிக்கு நீங்கள் இழக்கும் கழிவின் மதிப்பு 230 வெள்ளி, கிடைப்பதோ முழு 2,000 வெள்ளி. ஆகவே 10,000 வெள்ளி போடுங்கள். இரண்டாயிரத்துக்கு ஈடு கிடைக்கும்; எட்டாயிரத்துக்கு வரிக் கழிவு கிடைத்து 920 வெள்ளி மிஞ்சும். ஜனவரியிலேயே போட்டால் ஏறத்தாழ அந்த ஆண்டு முழுவதற்கும் வட்டி சேரும். டிசம்பர்வரை காத்திருப்பவர் அதை இழக்கிறார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மனைவிக்காகப் போடும் தொகைக்குக் கழிவு பெற, முந்தைய ஆண்டில் அவர் வருமானம் 8,000 வெள்ளிக்கு மேற்படக் கூடாது. வாடகையில் அவர் பங்கும் அதில் சேரும். இப்போது எல்லைக்குள் இருக்கிறீர்கள். இரண்டாவது அறையையும் வாடகைக்கு விட்டால் எல்லை தாண்டிவிடும்.

இவையெல்லாம் சேர்ந்தாலும் உங்கள் மொத்தத் தனிநபர் கழிவுகள் 80,000 வெள்ளி என்ற ஆண்டு உச்சவரம்பை எட்டா. தகுதி பெற்ற பொதுநல அமைப்புக்குத் தரும் நன்கொடைக்குத் தற்போது 250 விழுக்காடு கழிவு உண்டு, அது அந்த உச்சவரம்புக்குள் வராது. கோயில் உண்டியலில் இடும் காசுக்கு அது பொருந்தாது. வேலையைவிட்டு அனுப்பும் நிலை வந்தால், வேலை இழப்புக்கான இழப்பீட்டுக்கு வரியில்லை. முன்னறிவிப்புக்குப் பதிலான ஊதியத்துக்கும் கடந்த பணிக்கான வெகுமதிக்கும் வரி உண்டு. கடிதத்தில் எந்தத் தொகை எதற்கென்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி திருச்சி. ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் நிலையாகக் கழித்தால், குடிமகனாக இருந்தாலும் வரி நோக்கில் நீங்கள் சிங்கப்பூரில் வசிக்காதவர் என்று கருதப்படலாம். வசிக்காதவருக்கு 20,000 வெள்ளி வரியில்லா வரம்பு கிடையாது. எஸ்ஆர்எஸ்ஸிலிருந்து எடுப்பதில் பாதிக்கு முதல் வெள்ளியிலிருந்தே 24 விழுக்காடு வரி, அதாவது எடுத்த தொகையில் 12 விழுக்காடு. உங்கள் 15,300 வெள்ளிக்கு நீங்கள் மிச்சம் பிடித்தது சராசரி 13.5 விழுக்காடு. வந்த பயனில் பெரும்பகுதி போய்விடும். இந்தப் பக்கத்தில் இப்படி என்றால், அந்தப் பக்கத்தில் ஒரு நிதியாண்டில் 182 நாள் இருந்தால் இந்தியா உங்களை அங்கே வசிப்பவராகக் கொள்ளும். நீண்டகாலம் வெளியில் இருந்து திரும்புபவருக்கு, வசிப்பவராயினும் சாதாரண வசிப்பவர் அல்லர் என்ற இடைநிலை இரண்டு மூன்று ஆண்டு வரை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் எழும் வருமானத்துக்கு அங்கே பொதுவாக வரியில்லை. அது முடிந்தபின் உலகில் எங்கு வந்த வருமானமும் இந்திய வரிக் கணக்கில் சேரும். இங்கே வரியில்லாமல் வந்த தொகையும் அதிலிருந்து தானாக விலகிவிடாது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். திருச்சியில் குடியேறுவதை 63-இல் உடனே தொடங்காமல் தள்ளிப்போட முடியுமானால், எஸ்ஆர்எஸ்ஸில் முழுமையாகப் போட்டு, சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்கும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு 29,800 வெள்ளிக்குள், பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். பத்தாண்டு என்பது அதிகபட்சம். மூன்றே ஆண்டில் முடிப்பதையும் யாரும் தடுக்கமாட்டார்கள். 63-இலேயே போவதென்பது முடிவான ஒன்றானால், எஸ்ஆர்எஸ்ஸை 15 விழுக்காட்டுப் படியில் உள்ள பகுதிக்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 8,700 வெள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மனைவியின் ஓய்வுக்காலக் கணக்குக்கும், வங்கியில் எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்புக்கும் திருப்புங்கள். தாயாரின் முதுமையில் எந்த நேரமும் பெரிய செலவு வரலாம் என்ற நிலையில், பூட்டிய பணத்தைவிடக் கைக்கு எட்டும் பணம் உங்களுக்குத் தேவைப்படும்.

கணக்குகளைத் தொடங்கும் வாரத்திலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். சேமநிதியில் உள்ள பணத்தை உயிலால் யாருக்கும் விட முடியாது. அதற்கு, யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் குறிக்கும் நியமனப் பத்திரம் வேண்டும். எஸ்ஆர்எஸ்ஸில் உள்ளது அதற்கு நேர்மாறாக உங்கள் சொத்தோடு சேர்ந்து உயில் வழியே போகும். சேமநிதி நியமனம் அதைத் தொடாது. திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரில் நியமனம் செய்திருந்தால் திருமணத்தோடு அது செல்லாததாகியிருக்கும், பலருக்கு அது தெரியாது. அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே புதிதாகச் செய்யலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்களும் உங்கள் மனைவியும் ஒரே மாலையில் உட்கார்ந்து, இருவருடைய நியமனத்தையும் செய்துவிடலாம்.